சின்னசாமி பக்கம், சேப்பாக்கம் தூரம்... மசினகுடி ஜீப்பில் ஒரு மஞ்சள் சிங்கம்!

மசினகுடியிலிருந்து பெங்களூரு சின்னசாமி மைதானம் 250 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சேப்பாக்கம் 550 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் பந்திப்பூர் வழியாகக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூரு. சென்னைக்கு என்றால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஊட்டி, அங்கிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம், ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், மறுநாள் விடிந்த பிறகுதான் சென்ட்ரல்.

கிலோமீட்டர் கணக்குப்படி எங்கள் ஊர் ஆர்.சி.பி-யின் கோட்டையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள், மஞ்சள்தான் கண்ணில் படும். என் அப்பாவின் சஃபாரி ஜீப்பிலும் முன்கண்ணாடியின் இடது மூலையில் ஒரு சிங்கம் உறுமிக்கொண்டிருக்கிறது. 2011-ல் ஒட்டியது. வெயிலில் வெளுத்து இப்போது எலுமிச்சை நிறம்.

எங்கள் வீட்டில் மட்டும் சிவப்பும் உண்டு. அம்மாவுக்குப் பிறந்த ஊர் குண்டுலுப்பேட்டை, கர்நாடகா. அவரின் தம்பி, அதாவது என் மாமா, அங்கே காய்கறி மண்டியில் வியாபாரம் செய்கிறார். ஐ.பி.எல் தொடங்கிய 2008-ல் ஆர்.சி.பி-க்கு கேப்டன் ராகுல் டிராவிட். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பாவுக்கோ அதற்கு முந்தைய வருஷம் டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய தோனி. அப்பா அதுவரை சென்னையை நேரில் பார்த்ததே இல்லை. அந்த ஊரின் பெயரில் ஓர் அணி, அதற்கு ராஞ்சிக்காரர் கேப்டன், அதற்காக மசினகுடியில் ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் இன்றுவரை வரவில்லை.

ஒன்பது மணிக்கு மூடும் ரோடு

பந்திப்பூர் காட்டு ரோட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் போகக் கூடாது. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பாற்ற 2009-ல் வந்த தடை இது. வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் உண்டு, காட்டை நேசிப்பவர்களுக்கு நிம்மதி உண்டு. எங்கள் வீட்டில் இதற்கு வேறு ஒரு விளைவு. சென்னை - பெங்களூரு மேட்ச் என்றால் மாமா சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்போதெல்லாம் மேட்ச் தொடங்குவதே 8 மணிக்கு. முடியும்போது ரோடு மூடியிருக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் ராத்திரி இங்கேதான் படுக்க வேண்டும். காலையில் ஒரே அடுப்பின் இட்லியை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

2011 மே 28 இறுதிப்போட்டி, சேப்பாக்கம். அந்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முரளி விஜய் 52 பந்துகளில் 95. சென்னை 205. அடுத்து கெய்ல் வருகிறார், மாமா நாற்காலியின் நுனிக்கு வருகிறார். முதல் ஓவரிலேயே அஸ்வின் பந்தில் கெய்ல் டக் அவுட். மாமா எழுந்து போய் பாயை விரித்துப் படுத்துவிட்டார். 58 ரன் வித்தியாசத்தில் சென்னை ஜெயித்ததை அவர் போர்வைக்குள்ளிருந்துதான் கேட்டார். மறுநாள் காலையில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லிக்கு நடுவே அந்தச் சிங்க ஸ்டிக்கரை மட்டும் மேஜையில் எடுத்து வைத்தார். அதைவிடப் பேசியிருக்கலாம்.

அடுத்த வருஷம் இன்னொன்று. இரண்டு ஓவரில் 43 ரன் வேண்டும். தோற்றாயிற்று என்று அப்பா ஜீப்பைத் துடைக்க வெளியே போய்விட்டார். விராட் கோலி பந்துவீச வந்தார், ஆல்பி மோர்கல் அந்த ஒரே ஓவரில் 28 ரன் அடித்தார். கடைசிப் பந்தில் சென்னைக்கு வெற்றி. ஓடிவந்த அப்பாவின் கையில் துணி இருந்தது. மாமா அந்தத் துணியைப் பிடுங்கித் தன் முகத்தில் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சந்தோஷமான சீசன்கள். 2016, 2017 வேறு மாதிரி. 2013 சூதாட்ட விவகாரத்தில் லோதா கமிட்டி சென்னை அணிக்கு இரண்டு வருஷத் தடை விதித்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதைச் சதி என்றார்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. தப்பு நடந்திருக்கிறது, அனுபவிக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நம் அணி என்பதற்காக நடந்ததை இல்லை என்று சொல்வது வேறு, நடந்ததைத் தெரிந்துகொண்டே காத்திருப்பது வேறு. தோனி புனே அணிக்குப் போனார். அப்பா புனேவுக்குப் போகவில்லை. ஸ்டிக்கரும் இருந்த இடத்திலேயே இருந்தது.

2016-ல் ஆர்.சி.பி இறுதிப்போட்டிக்கு வந்தது. கோலி அந்த ஒரே சீசனில் 973 ரன். மாமா வழக்கம்போல வந்தார். சொந்த மைதானத்திலேயே ஹைதராபாத்திடம் 8 ரன்னில் தோற்றார்கள். அணியே இல்லாமல் உட்கார்ந்திருந்த அப்பா, மாமாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லி அம்மாவிடம் கை காட்டினார். அவ்வளவுதான்.

விசில் வராத மனிதர்

இவ்வளவு பைத்தியமாக இருப்பவர் ஏன் ஒருமுறைகூட மைதானத்துக்குப் போகவில்லை? காரணம் எளிது. ஐ.பி.எல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் நீலகிரியின் சீசன். ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள், பள்ளி விடுமுறைக் குடும்பங்கள், எல்லாரும் மசினகுடிக்கும் இறங்குவார்கள். வருஷத்துக்கான வரும்படியில் பெரும்பகுதி அந்த அறுபது நாளில்தான். 2018 ஆகஸ்ட்டில் யானை வழித்தடத்தில் இருந்த 27 ரிசார்ட்டுகளை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, இருக்கிற ஓட்டத்தில் ஒரு நாளைக்கூட விட முடியாது என்றாகிவிட்டது. அதே 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் மேட்ச்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலில் சுமார் ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து புனேவுக்குப் போனார்கள். அப்பா அதை டி.வி-யில் பார்த்தார். கல்லட்டியில் ஏற நேரமில்லாத மனிதருக்கு புனே எங்கே?

பிறகு கொரோனா. சேப்பாக்கத்தில் ஏறத்தாழ நான்கு வருஷம் ஐ.பி.எல்-லில் சென்னை ஆடவே இல்லை. 2023 ஏப்ரல் 3, திங்கள்கிழமை, லக்னோவுடன் மேட்ச் என்று அட்டவணை வந்தது. பள்ளிகள் இன்னும் விடவில்லை, சீசன் கூட்டமும் தொடங்கவில்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். கவுன்டர் வரிசையில் ஒரு ராத்திரியைச் செலவழித்து இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, வாங்கிய பிறகுதான் அப்பாவுக்கு போன் செய்தேன்.

வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே கேலரிகளும் மறுபடி திறந்திருந்தன. சேப்பாக்கம் முழுசாக நிறைந்திருந்தது. படியேறி உள்ளே நுழைந்து, அந்தப் பச்சையைப் பார்த்ததும் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லி சத்தம் போட்டார்கள்.

முப்பது வருஷமாகச் சுற்றுலாப் பயணிகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே வாக்கியம், "சத்தம் போடாதீங்க." காட்டில் விசிலடித்தால் ஜீப்பை நிறுத்தி இறக்கிவிடுகிற ஆள். இங்கே சுற்றிலும் முப்பதாயிரம் பேர் விசிலடிக்கிறார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அவரும் முயன்றார். காற்றுதான் வந்தது. பக்கத்து இருக்கைப் பையன் தன் பிளாஸ்டிக் விசிலைத் துடைத்துக் கொடுத்தான்.

ஆனால் அவர் கண் வேலை செய்தது. புதருக்குள் இருக்கும் சிறுத்தையின் காதை ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்கிற கண். நாங்களெல்லாம் ருதுராஜ் கெய்க்வாட்டின் சிக்ஸர்களுக்குக் குதித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் வீரர்கள் அமரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, தோனி பேடு கட்டிட்டாரு" என்றார். பெரிய திரையில் அது வருவதற்குள் எங்கள் வரிசைக்கே செய்தி போய்விட்டது.

கடைசி ஓவரில் தோனி வந்தார். மூன்றே பந்துகள்தான் ஆடினார். மார்க் வுட்டின் பந்தில் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர், அடுத்த பந்தில் அவுட். அந்த இரண்டு பந்துகளின் சத்தத்தை டி.வி நமக்குக் கொடுப்பதே இல்லை. அது காதில் கேட்பதில்லை, உட்கார்ந்திருக்கும் சிமென்ட் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. நடுவில் ஒரு நாய் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் இயல்பாக இருந்தார். எங்கள் ஊரில் யானை வந்து நின்றால் ரோடே நிற்கும், அது போகும்வரை இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். நாய்க்கு ஐந்து நிமிடமெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

சென்னை 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. மேட்ச் முடிவதற்கு ரொம்ப முன்பே நீலகிரி எக்ஸ்பிரஸ் போயிருந்தது. என் அறையில் தரையில் படுத்துத் தூங்கினார்.

அடுத்த மாதமே எங்கள் பகுதிக்கு இன்னொரு சேப்பாக்கம் சேதி. மசினகுடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் தெப்பக்காடு யானைகள் முகாம். ஆஸ்கர் வென்ற ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தின் பொம்மன், பெள்ளி இருவரையும் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸையும் சேப்பாக்கத்துக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். தோனி அவர்களுக்கு மஞ்சள் ஜெர்சி கொடுத்தார். அந்தப் புகைப்படம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய சுற்று கொஞ்சமில்லை. ரகு குட்டியை வளர்த்தவர்கள் பக்கத்தில் தோனி நிற்கிறார் என்றுதான் ஊரில் சொன்னார்கள், தோனி பக்கத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்று இல்லை.

அந்த மே 29 இறுதிப்போட்டி மழையால் இழுத்துக்கொண்டு போய், 30-ம் தேதி அதிகாலை ஒன்றரை மணியைத் தாண்டி முடிந்தது. இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை. சென்னையில் என் தெருவில் பட்டாசு வெடித்தது. அப்பாவுக்கு போன் செய்தால் கிசுகிசு குரலில் பேசுகிறார். வீட்டுக்குப் பின்னால் யானை நிற்கிறதாம். காட்டோர ஊரில் கோப்பை ஜெயித்தாலும் வெடி போட முடியாது.

பதினெட்டு வருஷம்

அதற்குப் பிறகு இறக்கம்தான். 2024 மே 18, பெங்களூரு. ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தாலே பிளே-ஆஃப் என்ற நிலையில் சென்னை 191-ல் நின்றது. 2025 மார்ச்சில் சேப்பாக்கத்திலேயே ஆர்.சி.பி-யிடம் 50 ரன்னில் தோல்வி, அங்கே 2008-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் வெற்றி. அந்த சீசனில் சென்னை கடைசி இடம், முதன்முறையாக.

ஜூன் 3, ஆர்.சி.பி கோப்பையை வென்றது. ‘ஈ சாலா கப் நம்தே’ என்று வருஷாவருஷம் சொல்லிச் சொல்லிக் கேலிக்கு ஆளான மாமா, 18-வது சீசனில் அதைச் சொல்லவில்லை. அழுதார். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கு இது புரியும். சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 2016-ல்தான் மறுபடி பட்டம் வென்றது, 108 வருஷம். அன்று ரசிகர்கள் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தின் வெளிச்சுவரில், இதைப் பார்க்காமலே செத்துப்போன அப்பா, தாத்தாக்களின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள்.

மறுநாள் பெங்களூரு போவதாக இருந்தார் மாமா. மண்டிக்கு லோடு வந்ததால் போகவில்லை. அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். மாமாவின் போன் எடுபடாத இருபது நிமிடத்தில் அம்மா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய எனக்கும் அந்தக் கூட்டத்தின் முகங்கள் அந்நியமாகத் தெரியவில்லை. கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்பதைவிட ஒரு மைதானத்துக்கு வேறு எந்த வேலையும் முக்கியமில்லை. மாமா கொண்டுவந்திருந்த மைசூர்பாகு ஒரு வாரம் பிரிக்கப்படாமல் இருந்தது.

2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார், அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அந்தக் கடைசி இரண்டு பந்துகளை அடித்தவர் இனி எதிரணி. அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொன்னார். மூன்றாம் நாள் போனில் சஞ்சு எந்த இடத்தில் இறங்குவார் என்று என்னிடம் கேட்டார்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது ஜீப்பைப் பார்த்தேன். வெளுத்த சிங்கம் அப்படியே இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியில் புதிதாக ஒரு ஆர்.சி.பி ஸ்டிக்கர். கோப்பை ஜெயித்தால் ஒட்டுவேன் என்று 2011-ல் அந்த இட்லி மேஜையில் மாமா சபதம் போட்டிருக்கிறார், கேட்காமலே வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். பசை நல்லா பிடிச்சிருக்கு, எடுத்தா கண்ணாடியில கறை ஆகும் என்றார் அப்பா.