ராம் போனால் ராமை மட்டும் மாற்றாதீர்கள்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையின் கணக்கு அறையானாலும் பனியன் கம்பெனி அலுவலகமானாலும் கதை ஒன்றுதான். டேலியில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுகிறது. சர்வீஸ்காரர் வந்து, "ராம் போச்சுங்க" என்று புதிதாக ஒன்றைச் செருகிவிட்டுப் போகிறார். சில மாதங்களில் மறுபடியும் அதே கோளாறு. மூன்றாவது ராமுக்குப் பணம் எண்ணும்போதும் அது ஏன் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ராம் லேசில் கெடும் பொருள் அல்ல. தேய்ந்துபோக அதில் சுழலும் பாகமே கிடையாது. டிடிஆர்4 வகை ராம் ஓடுவது வெறும் 1.2 வோல்ட்டில். அதனால் அடுத்தடுத்து இரண்டு ராம் போனால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மதர்போர்டு ஸ்லாட், எர்த், தூசி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த ஊர்த் தூசியும் சாதாரணமானதல்ல. பாலிஷ் பட்டறையில் பறக்கும் உலோகப் பொடி மின்சாரம் கடத்தும். பனியன் பஞ்சு ஃபேனை அடைத்துச் சூட்டை ஏற்றும். அதைச் சுத்தம் செய்வதாக பட்டறை கம்ப்ரஸரை நேரே பிடிக்கிறார்கள்; அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கோளாறு எங்கே என்று சோதிக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு ராமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிறகு அதே ராமை அடுத்த ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பிழை கூடவே வந்தால் ராமில் கோளாறு. ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டில். வேறு கம்ப்யூட்டரில் அந்த ராம் சுத்தமாக ஓடினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்க வேண்டும். பிழை காட்டும் திரையைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

சோதனை முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதாதீர்கள். கெட்ட ராம் தப்பான எண்ணைச் சத்தமில்லாமல் ஃபைலில் எழுதிவிடும்; ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போதுதான் தெரியவரும். பேக்கப்பையும் பழையதன் மேலேயே எழுதாமல் தனித்தனியாக வையுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பட்டறை மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தையோ வயரிங்கையோ சரிசெய்யாமல் புது ராம் வாங்குவது வீண். குறை லைனிலேயே என்றால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-ல் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு முடியும். அப்படியும் அசையவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தது பில். ராமின் சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ராமின் மேலுள்ள ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள். பில் தராததே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். கெடு எழுதாவிட்டால் 30 நாள். "வித்த பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகையைப் பார்த்து எத்தனையோ பேர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பாதீர்கள்.

முதலில் கடைக்கும் ராம் தயாரித்த கம்பெனிக்கும் எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக் கடையில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். வணிகத்துக்கு வாங்கிய பொருள் இந்தச் சட்டத்தில் வராது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகவே பட்டறையோ ஜாப் ஒர்க்கோ நடத்துகிறவர் நுகர்வோர்தான். மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். பில், சோதனைத் திரையின் போட்டோ, கடைக்கு அனுப்பிய கடிதம், அதன் தபால் ரசீது ஆகிய நான்கும் மனுவோடு இருக்கட்டும்.