ஒரு குக்கர் பருப்பில் தொடங்குங்கள்

சைவச் சமையலை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் வாரம் துவரம்பருப்பை மலர வேகவைக்கப் பழகுங்கள். அது கைவந்துவிட்டால் நெய் விட்ட பருப்புச் சாதம், ரசம், சாம்பார் ஆகிய மூன்றும் அந்த ஒரே குக்கரிலிருந்து வரும். அது கைவராதவரை எந்தச் சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்தாலும் தட்டில் பருப்பு தனி, தண்ணீர் தனி என்றுதான் நிற்கும்.

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பலருக்கும் முதல் தடுமாற்றம் இங்கேதான். ஊரில் அம்மா நாலு விசில் விடுவார், வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும். இங்கே எட்டு விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும். உடனே தமக்குச் சமையல் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலை ஒட்டிய பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. இளகிக் கரைய வேண்டிய பொருள் கெட்டிப்படுவதால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு உடையாது. சோப்பு நுரைக்கவில்லை, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் அப்படிப்பட்டதுதான். பருப்பைக் கழுவ அந்தத் தண்ணீர் போதும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை எடுங்கள். இரண்டு டம்ளர் செலவுதான், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். சிலர் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுவார்கள். பருப்பு குழையும், ஆனால் அதிலுள்ள பி1 வைட்டமின் குறையும், வாசனையும் மாறும். எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை. கடையிலேயே பல மாதம் கிடந்த பழைய பருப்பும் வேகாது. ஆகவே கால் கிலோ, அரை கிலோவாக வாங்குங்கள்.

இருவருக்கு 200 மில்லி டம்ளரில் அரை டம்ளர் துவரம்பருப்பு. இரண்டு முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய். எண்ணெய் எதற்கென்றால், பருப்பு நுரைத்துப் பொங்கும் குணமுடையது. அந்த நுரை ஏறினால் குக்கரின் ஆவித் துளை அடைபடும். எண்ணெய் நுரையை அடக்கும். அதே காரணத்துக்காகப் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நாலைந்து விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் பருப்பு உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் பருப்புத் தண்ணீர் பீறிட்டுக் கையைச் சுடும்.

திறந்ததும் மத்தால் கடையுங்கள். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவு ரசத்துக்கு, அடியில் இருக்கும் கெட்டி சாம்பாருக்கு. சாம்பார் வேண்டாம் என்கிற நாளில் கெட்டியில் உப்பும் நெய்யும் சேர்த்துச் சூடான சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். முதல் நாள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு அப்பளம் பொரித்தால் போதும்.

ரசத்துக்குச் சிறிய நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, ஒரு தேக்கரண்டி ரசப்பொடியும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். புளியின் பச்சை வாசனை போக எட்டுப் பத்து நிமிடம் ஆகும். பிறகு பருப்புத் தெளிவை ஊற்றுங்கள். இதற்குப் பின் ரசம் தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும். நெய்யில் கடுகும் சீரகமும் தாளித்து, கொத்தமல்லி கிள்ளிப் போடுங்கள்.

சாம்பாரில் தடுக்கி விழும் இடம் புளி. காயைப் புளித் தண்ணீரிலேயே போட்டால் அது நெடுநேரம் விறைப்பாகவே இருக்கும், ஏனென்றால் புளிப்பும் பெக்டினைக் கரைய விடாது. ஆகவே முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சின்ன வெங்காயமோ, முதலில் வெறும் தண்ணீரில் சாம்பார் பொடி போட்டு முக்கால் பதம் வேகட்டும். பிறகு புளிக்கரைசல், அதன் பச்சை வாசனை போன பிறகு பருப்பு, ஒரு கொதி, தாளிப்பு. பொடியை வீட்டில்தான் அரைக்க வேண்டும் என்பதில்லை. கடைப் பொடி நன்றாகவே இருக்கிறது, முதல் ஆறு மாதம் அதை வைத்தே சமையுங்கள்.

தாளிப்பில் வரிசை முக்கியம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்து அடங்கும்போது உளுத்தம்பருப்பு, சிவக்கத் தொடங்கியதும் காய்ந்த மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. உளுந்து சீக்கிரம் கருகும். அதை முதலில் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் அது கரியாகிவிடும். வெடிக்காத கடுகு கசக்கும். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், துடைத்துப் போடுங்கள்.

‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதுவது புதியவருக்கு எந்த விதத்திலும் உதவாது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றுவரை புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு வாங்கித் தரப்படுவதற்குக் காரணமே, அவர் எல்லாவற்றையும் அளந்து சொன்னதுதான். அரை லிட்டர் ரசத்துக்கோ சாம்பாருக்கோ தூள் உப்பு ஒரு தட்டைத் தேக்கரண்டி போடலாம். கல்லுப்பு என்றால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டியில் உப்பு குறைவாகத்தான் பிடிக்கும். கேளம்பாக்கம் வழியே போகிறவர்கள் சாலையோரம் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். இந்தக் கரையில் கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுப்பதெல்லாம் அந்தக் கல்லுப்புதான். கல்லுப்பை ஒரு சாடியில் கரைத்து வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு, தூசு அடியில் தங்கிவிடும்.

சாதத்தில் பெரிய சூட்சுமம் இல்லை. குக்கரில் பச்சரிசி ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர், புழுங்கலரிசி ஒன்றுக்கு மூன்று. மதுராந்தகம் ஏரிப் பாசனம் போல ஏரிகளை நம்பி நெல் விளையும் பகுதி இது. அறுவடை முடிந்த கையோடு வரும் புது அரிசி கிடைத்தால் தண்ணீரைக் குறையுங்கள். பழைய அரிசி அளவுக்கு அது தண்ணீர் இழுக்காது, குழைந்துவிடும்.

கீரையை விட்டுவிடாதீர்கள், இதைவிடச் சுலபமான சமையல் கிடையாது. கடலோர மணல் பூமியில் விளைந்த கீரையில் மணல் நிறைய இருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அலசி, கீரையை மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மணல் திரும்பக் கீரை மேலேயே விழும். மணல் நின்றுபோகும்வரை நாலைந்து முறை அலச வேண்டியிருக்கும். சிறுகீரையை நறுக்கி, தனியாக வேகவைத்த பாசிப்பருப்போடு மூடாமல் ஐந்தாறு நிமிடம் வேகவையுங்கள். மூடினால் கீரையிலிருந்து எழும் அமிலம் ஆவியாக வெளியேறாமல் அதிலேயே தங்கிப் பச்சை நிறத்தைப் பழுப்பாக்கும். தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றினால் கூட்டு. பாசிப்பருப்புக்குக் குக்கர்கூட வேண்டாம், சாதாரணப் பாத்திரத்திலேயே அரை மணிக்குள் வெந்துவிடும்.

பொரியலில் வெண்டைக்காய் ஒன்றுக்குத்தான் எச்சரிக்கை. கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு நறுக்குங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், மூடாதீர்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு கரண்டி தயிர் விட்டால் வழவழப்பு அடங்கும்.

வேகவைத்த பருப்பு மிஞ்சினால், புளியோ உப்போ சேர்க்காமல் தனியாக எடுத்து ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்தக் கரையின் புழுக்கத்தில், சித்திரை வைகாசியில், காலையில் வைத்த பருப்பு இரவுக்குள் ஊசிப்போகும். குளிரில் வைத்தது மறுநாள் மாலைவரை தாங்கும், வேலை முடிந்து வந்து பதினைந்து நிமிடத்தில் ரசம் வைத்துவிடலாம்.