சூறாவளிக்குப் பின் நம் வளவு மரங்கள்

திருகோணமலைத் துறைமுகம் கப்பல்களுக்கு நல்ல புகலிடம். மலைகளும் முனைகளும் அதனைச் சுற்றி நின்று காற்றைத் தடுக்கின்றன. ஆனால் அதற்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வரையும், தெற்கே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று வரையும் வெறுங்கடலைப் பார்த்து நிற்கும் தென்னைகளுக்கு அப்படியொரு புகலிடம் கிடையாது. 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி திருகோணமலையை அண்டிக் கரையேறிய சூறாவளி இதனைக் காட்டிச் சென்றது. நாடு முழுவதிலும் பல்லாயிரக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் இருப்பிடம் இழந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே டிசெம்பர் 26இல், அதே கரைக்கு ஆழிப்பேரலை வந்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது. அது பெரும் அழிவின்றிப் போனது. 2025 நவெம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது காற்றைவிட வெள்ளமே வினையாயிற்று. மகாவலி பெருகி மூதூர், கிண்ணியா, வெருகல் பகுதிகளை மூழ்கடித்தது.

இந்த ஊர்களின் மக்கள் காற்றினால் மட்டும் இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். 1984இல் வெளியேறிய தென்னமரவாடிக் குடும்பங்கள் போர் முடிந்த பின்னரே ஊர் பார்த்தன. 2006இல் வெளியேறிய சம்பூர் மக்கள் 2015ஆம் ஆண்டு முதல் படிப்படியாகத் திரும்பினார்கள். இப்படித் திரும்பியவர்களில் பலருக்கு வீடு இல்லை, கூரை இல்லை, சிலருக்கு உறுதிப்பத்திரமும் இல்லை. பற்றைக்குள்ளே எஞ்சி நின்ற நாலு தென்னையும், ஒரு புளியும், தூர்ந்த கிணறும்தான் இது எங்கள் வளவு என்று காட்ட இருந்தன. இவர்களைப் பொறுத்தவரை மரம் வெறும் விளைபொருள் அல்ல, ஒரு சாட்சி. ஆகவே சூறாவளிக்குப் பின் அந்த மரத்தை என்ன செய்கிறோம் என்பது சிறிய விடயமல்ல.

நாம் கண்டவரையில் காற்று ஒரு முறை அழிக்கிறது. அதன் பின் வரும் அவசரம் இரண்டாம் முறை அழிக்கிறது. உடனே அகற்ற வேண்டியது வளவுக்குள் மாதக்கணக்கில் கிடந்து உக்குகிறது. பொறுத்திருந்தால் பிழைக்கக்கூடியதோ மூன்றாம் நாளே தறிபடுகிறது. எது எந்த வகை என்று பிரித்தறிவதே இங்கு முக்கியம்.

விழுந்த தென்னை காத்திருக்காது

வேரோடு சாய்ந்த, அல்லது குருத்து முறிந்த தென்னை இனித் தழைக்காது. தென்னைக்கு உயிர் அதன் ஒரே குருத்தில்தான் இருக்கிறது. குருத்துப் போனால் மரம் போயிற்று. பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழியில்லை. இறந்த தென்னையை அப்படியே போட்டுவைத்தால் ஆபத்து அயலில் நிற்கும் நல்ல மரங்களுக்கே. உக்கும் தென்னங்குற்றி கருவண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம். அங்கே புழுவாக வளர்ந்து நாலைந்து மாதங்களில் வண்டாகி வெளிவந்து, பக்கத்து வளவின் குருத்தைத் துளைக்கும். அந்தத் துளையின் மணம் செவ்வண்டை அழைக்கும். செவ்வண்டின் புழு தண்டுக்குள்ளே இருந்து தின்னும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இளந்தென்னைகளுக்கே இதனால் பேராபத்து. ஆக, காற்றுக்குத் தப்பிய பிள்ளைகளை அடுத்த ஆண்டு வண்டுக்குக் கொடுக்கிறோம்.

1978 நவெம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாவட்டத்தில் இருந்த ஏறக்குறைய 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்பது பதிவு. அவ்வளவு மரத்தை ஒரு குடும்பம் தனித்து அகற்ற முடியாது. தமிழ்நாட்டில் 2018 நவெம்பர் 16இல் கஜா புயல் வேதாரணியம், பட்டுக்கோட்டைப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அரசு ஒரு மரத்துக்கு 1,100 இந்திய ரூபா அறிவித்தது. அதில் 500 ரூபா மரத்தை வெட்டி அகற்றும் செலவுக்கென்று தனியாகக் காட்டப்பட்டது. தொகை போதாது என்று அங்குள்ள விவசாயிகள் குறைப்பட்டார்கள்; அது நியாயமே. ஆனாலும் விழுந்த மரத்தை அகற்றுவதற்குச் செலவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது நல்ல முன்மாதிரி. நமது நட்டஈட்டுப் படிவங்களில் கூரைத் தகட்டுக்கு இருக்கும் இடம் மரத்துக்கும், அதை அகற்றும் கூலிக்கும் இருக்க வேண்டும் என்று கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கேட்கலாம்.

அகற்றுவது என்றால் எரித்துத் தொலைப்பது அல்ல. முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதி வைரமானது. கைமரத்துக்கும் சிலாகைக்கும் அரியலாம். நிலத்தில் பட்டால் விரைவில் உக்கும் என்பதால் தூணாக நட வேண்டாம், கூரைக்கு வையுங்கள். மேற்பகுதி மென்மையானது, பலகைக்கு உதவாது. அதைப் பிளந்து காயவைத்து விறகாக்க வேண்டும், அல்லது புழு இல்லாதபோதே ஆழப் புதைக்க வேண்டும். ஓலையை உடனே சேர்த்து நீரில் ஊறவையுங்கள். கூரைத் தகடு வரும்வரை பார்த்திருக்கும் குடும்பத்துக்குக் கிடுகு பின்னத் தேவையானது வளவிலேயே கிடக்கிறது. குருத்தைச் சமைக்கலாம். குரும்பையும் இலை தழையும் ஆடு மாட்டுக்கு.

நிற்பதைத் தறிக்காதீர்கள்

கிளை முறிந்து, இலை உதிர்ந்து, மொட்டையாய் நிற்கும் மாவையும் வேம்பையும் பலாவையும் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். பட்டுவிட்டது என்று தறிக்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் லொறியோடு வந்த மர வியாபாரியும் இருப்பார். நலன்புரி நிலையத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கைக்காசு தேவை என்பது அவருக்குத் தெரியும். விழுந்ததோடு நிற்பதையும் சேர்த்து ஒரே விலை பேசுவார். அந்த விலைக்கு இணங்கு முன் ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்திருங்கள்.

இது நமது ஊருக்கு மட்டுமான புத்தியல்ல. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களில் நாட்கணக்காக உறைமழை பெய்தது. மழைத்துளி கிளையில் பட்டவுடன் பனிக்கட்டியாகி, அடுக்கடுக்காகத் தடித்து, பாரம் தாங்காமல் மரங்கள் பிளந்தன. மின்கம்பங்களும் இரும்புக் கோபுரங்களும் மடிந்தன. மொன்றியலில் இருந்த நம் உறவினர் பலர் அந்தக் குளிரில் மின்சாரமின்றி நாட்களைக் கழித்தவர்கள். நாம் பனையில் கருப்பநீர் இறக்குவது போல அங்குள்ள விவசாயிகள் மேப்பிள் மரத்தில் சாறு எடுத்துப் பாகு காய்ச்சுகிறார்கள். அந்தத் தோப்புகள் சிதைந்தபோது வன அதிகாரிகள் சொன்ன அறிவுரை எளிமையானது: முடியில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் மரம் பெரும்பாலும் பிழைக்கும், வெட்டாதீர்கள், முக்கால் பங்கு போயிருந்தால் நம்பிக்கை குறைவு. பனிக்கட்டி நமக்கு இல்லை, காற்றுத்தான். என்றாலும் அந்தப் பாதிக் கணக்கு நமது மாவுக்கும் வேம்புக்கும் நல்ல வழிகாட்டி. உண்மையில் நமது மரங்களுக்கு அவர்களுடையதைவிட வசதி அதிகம். மாரி மழையில் சில கிழமைகளுக்குள் துளிர் காட்டிவிடும்.

செய்ய வேண்டியது காயத்தைச் சீர்செய்வதுதான். தொங்கும் கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் அது விழும்போது பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு போகும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழ்ப்புறம் சிறிது அரியுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அரிந்து கிளையை விழுத்துங்கள். பின்பு எஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேரும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல், அதன் வெளிப்புறமாக அரியுங்கள். தாரோ மையோ பூச வேண்டாம். மரம் தானே மூடிக்கொள்ளும்.

சரிந்து நிற்கும் தென்னம்பிள்ளையைச் சில நாட்களுக்குள் கயிறு கட்டி மெதுவாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்து, முண்டு கொடுக்கலாம். புதுவேர் விடும். பெரிய தென்னை சரிந்திருந்தாலும் குருத்து பச்சையாக இருந்தால் அப்படியே விடுங்கள். வளைந்து மேலே போய்க் காய்க்கும். ஆனால் காய் குறையும். பாளை தண்டுக்குள்ளே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உருவாகி வருவதால், இன்று பட்ட அடி இரண்டு ஆண்டு கழித்தும் குலையில் தெரியும். அதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் கொடாது. சொந்தக் காணியானாலும் அப்படித்தான். அரிந்த மரத்தை வீதியில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். லொறிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் வழக்கு உங்கள் பெயரில் வரும்.

எல்லை மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லையில் விழுந்த மரத்தை அகற்றலாம், அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம். அகற்றுமுன் அயலவரையும் கிராம உத்தியோகத்தரையும் அழைத்துக் காட்டி, எத்தனை மரம், எந்த மரம், எந்தப் பக்கம் என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். கிணறும் வீட்டுத்தளமும் அதே படத்தில் விழட்டும். ஊரில் இல்லாத குடும்பத்தின் வளவு மரத்தை யாரும் தொடாதபடி சங்கம் பொறுப்பெடுக்க வேண்டும். இதிலே பிணக்கு வந்து, இரண்டு முறை இடம்பெயர்ந்த உறவுகள் ஒரு முதிரைக் குற்றிக்காகப் பேசாமல் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆளுக்கு ஆபத்து

சூறாவளியில் தப்பியவர் துப்புரவில் அடிபடுவது அடிக்கடி நடக்கிறது. மின்கம்பி சிக்கிய மரத்தை மின்சார ஊழியர் வரும்வரை தொடாதீர்கள். கம்பி செத்துக் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வில்லாய் வளைந்து கிடக்கும் மரத்தை வெளிவளைவில் ஒரேயடியாக வெட்டினால் அது பிளந்து ஆளை அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அரிந்தவுடன், பாரம் போன வேர்மண் மீண்டும் குழிக்குள் சடாரென்று நிமிரும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும்; அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

நமது மாவட்டத்துக்கே உரிய ஆபத்து இன்னொன்று. போர் நடந்த காணியில் பெயர்ந்த வேரோடு பழைய வெடிபொருள் மேலே வரலாம். வெள்ளமும் அதை இடம் மாற்றும். சந்தேகமான எதையும் கண்டால் விலகி நின்று கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பழைய பனைகளின் உடலில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கும். இயந்திர வாள் அதில் பட்டால் சங்கிலி அறுந்து பறக்கும். பட்டையில் தழும்பு தெரியும் இடத்தை விட்டு வேறிடத்தில் அரியுங்கள்.

சிரமதானம் என்று கூடும்போது முதலில் வழி, பிறகு கிணறு, பிறகு ஆணில்லாத வீடுகள் என்ற ஒழுங்கை முன்பே பேசி வையுங்கள். இளைஞர்கள் இயல்பாகவே பெரிய மரத்தைத் தேடிப் போவார்கள். விதவைத் தாயின் கதவை மறித்துக் கிடக்கும் முருங்கை யார் கண்ணிலும் படாது.

இனி நடுகை. நமது சூறாவளிகள் பெரும்பாலும் நவெம்பர், டிசெம்பரில், மாரி மழையோடு வருகின்றன. கதியால் போடும் காலமும் அதுவே. முறிந்த பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவைக் கிளைகளைக் குப்பையோடு கொளுத்தாமல் கதியாலாக வெட்டி அதே கிழமையில் விழுந்த வேலியில் ஊன்றுங்கள். நிற்கும் மரத்தின் அடியில் நெருப்பு வைக்கவே வேண்டாம். எஞ்சிய இளந்தென்னைகளின் உட்குருத்து மட்டைக் கக்கத்தில் மூன்று பூச்சி உருண்டையை மணலோடு இட்டு, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் கருவண்டு அண்டுவது குறையும்.

விழுந்த தென்னைகளில் நன்றாகக் காய்த்த மரம் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அதன் முற்றிய காயை எல்லாம் கறிக்கு உடைக்காமல், இருபது முப்பதைத் தெரிந்து நிழலான இடத்தில் மணற்பாத்தியில் படுக்கையிடுங்கள். மூன்று மாதமளவில் முளைக்கத் தொடங்கும். பிந்தி முளைப்பதையும் மெலிந்ததையும் கழித்துவிடுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டுக்குக் கஷ்டமானால் கிணற்றடியில் நாலு வீட்டுக்கு ஒரு பாத்தியாக வைக்கலாம். டிசெம்பரில் படுக்கையிட்ட காய் அடுத்த மாரிக்கு நடுவதற்குப் பிள்ளையாக நிற்கும்.