ஒரு கிராஃபிக்ஸ் கார்டு லினக்ஸில் உடனே இயங்க, மற்றொன்று ஏன் திணறுகிறது?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் நெருக்கமான கடைகளில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி லினக்ஸ் கணினியில் பொருத்துவோருக்கு இந்தப் புதிர் எழுவதுண்டு. ஏறத்தாழ ஒரே விலையுள்ள இரண்டில் ஒன்று மட்டும் ஏன் மந்தமாக இயங்குகிறது?

பெரும்பாலும் விடை கார்டில் இல்லை. இயங்குதளத்தின் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றித்தரும் 'டிரைவர்' என்னும் மென்பொருளில் இருக்கிறது. உணவகச் சாம்பாரின் செய்முறையைச் சமையற்காரரே எழுதித் தந்தால் அதே ருசி வீட்டிலும் வரும். தராவிட்டால், வெல்லம் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று சுவைத்தே ஊகிக்க வேண்டும்.

ஏஎம்டியும் இன்டெலும் தங்கள் கார்டுகளின் செய்முறையைத் திறந்து தந்ததால், அவற்றின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே அடங்கியுள்ளன. ஏஎம்டியின் 'ஏஎம்டிஜிபியூ' டிரைவர் 2015இல் அங்கு சேர்ந்தது. என்விடியா கார்டுகளுக்கான 'நூவோ' டிரைவரைத் தன்னார்வலர்கள் பெரிதும் ஊகித்தே எழுதினர். வியக்கத்தக்க உழைப்பு அது! ஆயினும், 2014க்குப் பின் வந்த பல கார்டுகள் என்விடியா கையொப்பமிட்ட உள்நிரல் (ஃபர்ம்வேர்) இல்லாமல் முழு வேகத்துக்கு ஏற மறுத்தன.

மே 2022இல் என்விடியா தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்தது. ஆனால் அது 2018இன் டூரிங் வகைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே மலிவான பழைய கார்டை எடுக்குமுன் அது எந்த வகை என்று கடையிலேயே பாருங்கள். மிகப் புதிய கார்டானால், கர்னலும் புதியதாக இருக்க வேண்டும்.