தாத்தா அழுகிறார், பேரன் தூங்குகிறான்!

பழைய படம் இனிப்பது ஏன்?

ராத்திரி சாப்பாடு முடிந்தது. டெலிவிஷனில் "கர்ணன்" படம். போர்க்களத்தில் அம்பு பாய்ந்து கிடக்கிறான் கர்ணன்.

தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். பக்கத்தில் பேரன் குறட்டை விடுகிறான்!

"ஏலே, இந்த மாதிரி படம் இனிமே வருமா?" என்று தாத்தா தட்டி எழுப்புகிறார்.

"போங்க தாத்தா, ஒரே இழுவை" என்று பேரன் திரும்பிப் படுத்துக் கொள்கிறான்.

விருதுநகர், சிவகாசிப் பக்கம் பல வீடுகளில் நடக்கும் கூத்து இது. படம் ஒன்றுதான். ஒருவருக்கு உருக்கம், இன்னொருவருக்குத் தூக்கம். காரணம் என்ன?

தாத்தா பார்ப்பது படத்தை மட்டும் அல்ல. தன் பழைய நாட்களையும் சேர்த்துப் பார்க்கிறார்!

பொங்கல் மோதல்

பந்துலு டைரக்ட் செய்த "கர்ணன்" 1964 பொங்கலுக்கு வந்தது. சிவாஜிதான் கர்ணன். அதே பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் "வேட்டைக்காரன்" படமும் வந்தது.

சிவாஜி காமராஜர் பக்கம். எம்.ஜி.ஆர். தி.மு.க. பக்கம். காமராஜர் பிறந்த விருதுநகரில் இது வெறும் சினிமாச் சண்டையாக இருக்க முடியுமா?

1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் போஸ்டர் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. அந்தத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். 10 ஆண்டு கழித்து, 1977-ல் பக்கத்து அருப்புக்கோட்டையில் ஜெயித்து எம்.ஜி.ஆர். முதல்-மந்திரி ஆனார்.

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பழைய படம் பார்த்தால், கொடி கட்டிய நாளும் அதற்காக வீட்டில் வாங்கிய அடியும் கூடவே வந்து நிற்கும்!

மை ஈரம்

சிவகாசிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. சினிமா போஸ்டரும், நடிகர் படம் போட்ட காலண்டரும் அச்சான ஊர் அது. படம் கொட்டகைக்கு வரும் முன்பே, போஸ்டர் மை ஈரத்தோடு அச்சகத் தொழிலாளி கையில் இருக்கும்!

சரி, அந்த நாட்கள் எல்லாமே இனிப்பா?

இல்லை. அன்று தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டியவர்களில் சின்னப் பிள்ளைகள் ஏராளம். விடியும் முன்பே கிராமத்துக்கு பஸ் வந்துவிடும். தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஏற்றி விடுவார்கள்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி ரூ.20 ஆயிரம் கட்ட வேண்டும் என்றது.

அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த சொர்க்கம் எது? கொட்டகையின் மணல் தரைதான். அம்மா மடியில் தலை. கையில் முறுக்கு. 3 மணி நேரம் "வேலையைப் பாரு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்!

அவர்கள் ஏங்குவது அந்தக் காலத்துக்கு அல்ல. அந்த 3 மணி நேரத்துக்கு!

வியாதியா?

இந்த மாதிரி ஏக்கத்தை ஒரு காலத்தில் வியாதி என்றே சொன்னார்கள். சொந்த ஊரைப் பிரிந்தவர்களின் தவிப்புக்கு "நாஸ்டால்ஜியா" என்று 1688-ல் பெயர் வைத்தவர், ஜோகன்னஸ் ஹோபர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. சுமார் 10 வயது முதல் 30 வயது வரை நடந்ததுதான் வயதான பிறகு அதிகமாக நினைவுக்கு வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

2012-ல் "கர்ணன்" புது மெருகோடு மறுபடியும் வந்து, சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது இதனால்தான். 2014-ல் எம்.ஜி.ஆரின் "ஆயிரத்தில் ஒருவன்" வந்தது. அதுவும் பந்துலு படம்தான்.

பேரனும் தப்பவில்லை

"கிழவர்கள் கூட்டம்" என்று சிரித்த இளவட்டங்கள் என்ன செய்தார்கள்? 2024-ல் விஜய்யின் "கில்லி" திரும்ப வந்ததும், வசனத்தை முன்கூட்டியே சொல்லி ஆடித் தீர்த்துவிட்டார்கள். அது முதலில் வந்தது 2004-ல். அன்று 10 வயதில் பார்த்த பையனுக்கு 2024-ல் வயது 30!

ஆகவே தாத்தாமார்களே, அடுத்த தடவை "இந்த மாதிரி படம் வருமா?" என்று சண்டை போடாதீர்கள். "இந்தப் படத்தை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமாலே?" என்று ஆரம்பியுங்கள். விடிகாலை பஸ்சைச் சொல்லுங்கள். பசை காய்ந்த விரலைச் சொல்லுங்கள். மணல் தரையைச் சொல்லுங்கள்.

அந்தக் கதை எந்தப் படத்திலும் வரவில்லை. அதைச் சொல்ல உங்களை விட்டால் வீட்டில் ஆள் இல்லை.

பேரன் தூங்க மாட்டான்!