போடியில் வெளிநாட்டு முதலீடு: வழி எங்கே, முட்டுக்கட்டை எங்கே?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் கைமாறும் ஏலக்காயில் பெரும்பகுதி போடிமெட்டு மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விளைகிறது. அது அதிகம் விரும்பப்படுவது அரபு நாடுகளின் கஹ்வா காபியில். விலையை ஆட்டிப்படைப்பதோ மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அங்கே ஏலச்செடியைக் கொண்டுபோய் நட்டவர் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர். இன்று அந்த நாடுதான் உலகச் சந்தையில் இந்தியாவுக்கு முதல் போட்டியாளர்.

இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட ஊரில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் தொழில் தொடங்க முடியுமா?

முன்பே வந்தவர்கள்

வந்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஃபின்லே குழுமம் 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனியைத் தொடங்கியது. அதன் மூணாறு தேயிலை சிறு ரயிலில் மலை மேலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து, ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போனது. 1924 பெருவெள்ளத்தில் மலை ரயில் அழிந்தது. 1928-இல் மதுரை - போடி ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 ஜூனில் மறுபடி போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது. மலைச் சரக்கு வெளியேறப் பாதை இருந்ததால்தான் அன்றைய முதலீடு இங்கே காலூன்றியது.

இன்று தோட்டம் வாங்க முடியுமா?

வெளிநாட்டுக் குடிமகன் தன் பெயரில் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்கும் இதே தடைதான். ஆனால் 2015 நவம்பரில் ஒரு கதவு திறந்தது. தேயிலைக்கு மட்டும் இருந்த 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டு அனுமதி காபி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் விரிவானது. இந்தியாவில் கம்பெனி பதிவுசெய்து, அதன் வழியாக முதலீடு செய்யலாம். பொதுவாக மத்திய அரசின் முன் அனுமதி தேவையில்லை. பின்னாளில் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும்.

தோட்டமே வேண்டாம், சரக்கு வாங்கித் தரம்பிரித்து ஏற்றுமதி செய்தால் போதும் என்றால் வேலை இன்னும் சுலபம். இந்தியக் கம்பெனி, அதில் இந்தியாவில் வசிக்கும் ஓர் இயக்குநர், ஏற்றுமதி - இறக்குமதிக் குறியீட்டு எண், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

விலை எப்படி முடிவாகிறது?

வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் இருக்கின்றன. உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் மேஜைக்கு வரும். வியாபாரி காயை உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறம் பார்ப்பார், ஒன்றிரண்டை உடைத்து உள்ளே விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார், முகர்வார். பிறகுதான் கணினியில் விலையை ஏற்றுவார். வாங்கிய சரக்கு குடோனுக்குப் போய்ச் சலிக்கப்படும். 7 மில்லிமீட்டருக்குக் குறையாத காய் முதல் தரம். 6, 5 என்று அடுத்த தரங்கள். ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்ற ‘லிட்டர் வெயிட்’ கணக்கும் உண்டு. 2019 ஆகஸ்டில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் வரை போனது.

முட்டுக்கட்டை எங்கே?

இந்த முறை விவசாயிக்கு வெளிப்படையான விலை தருகிறது. அதே சமயம் சரக்கின் ஊரையும் பேரையும் அழித்துவிடுகிறது. பல தோட்டங்களின் காய் நிறம், அளவு பார்த்து ஒன்றாகக் கலந்தபின், எந்த மூட்டை எந்தத் தோட்டத்தினுடையது, அங்கே எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. வெளிநாட்டு வாங்குநர் முதலில் கேட்பதோ அதைத்தான். இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்தின் எச்சத்தைக் காரணம் காட்டிச் சவுதி அரேபியா இந்திய ஏலக்காய்க்குக் கெடுபிடி காட்டியது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான்.

வாரியத்தின் தர ஆய்வுக்கூடங்கள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. ஏலத்தில் வாங்கிய சரக்கு அங்கே பரிசோதனையில் தேறாமல் போனால், அதற்குள் பணம் முடங்கியிருக்கும். புதிதாக வருபவர் அந்த நஷ்டத்தைத் தாங்க மாட்டார்.

என்ன உதவி தேவை?

வெளிநாட்டு முதலீட்டாளருக்கு மாநில அளவில் வழிகாட்ட ‘கைடன்ஸ் தமிழ்நாடு’ இருக்கிறது. தேனியில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. இரண்டும் மலைக்கு இந்தப் பக்கத்து அலுவலகங்கள். காய் விளைவது அந்தப் பக்கம், வேறொரு மாநிலத்தில். இரு பக்கத்தையும் இணைக்கக்கூடியது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள நறுமணப் பொருள் வாரியம்தான். ஏலத்துக்கு முன்பே எச்சப் பரிசோதனை, லாட்டோடு சேர்ந்து வரும் தோட்டத்து மருந்துப் பதிவேடு, பரிசோதித்த சரக்குக்குத் தனி ஏலம் ஆகிய மூன்றும் போடியில் வழக்கமாக நடந்தால், வெளிநாட்டு முதலீட்டாளர் நம்பிப் பணம் போடுவார்.

லாபம் அவருக்கு மட்டும் இல்லை. மருந்தைக் குறைத்துக் கவனமாக விளைவிக்கும் சிறு விவசாயியின் காயும் இன்று மற்ற காயோடு கலந்து ஒரே விலைக்குத்தான் போகிறது. சரக்குக்கு முகவரி கிடைத்தால், கூடுதல் விலை கேட்கும் உரிமை முதலில் அவருக்குத்தான் வரும்.