இந்த எண்ணுக்கு உரியவர் யார்?

ஓர் அலுவலகத்திற் பத்துக் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்க. ஒரு கணினியில் எழுதப்பெற்ற கடிதம் மற்றைக் கணினிகளுக்குப் போகாமல் அச்சுப்பொறியையே சென்றடைகின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது?

வலையமைப்பிற் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று ஐ.பி. முகவரி, இது வலையமைப்பிலே கொடுக்கப்படுவது, கருவி இடம் மாறினால் மாறுவது. மற்றது வன்பொருள் முகவரி. இது பொதுவாகத் தொழிற்சாலையிலேயே கருவியிற் பதிக்கப்படுவது. முன்னையது வீட்டு இலக்கம் போன்றது. பின்னையது வீட்டிலிருப்பவரின் பெயர் போன்றது. கடிதத்தை அனுப்பும் கணினி அச்சுப்பொறியின் ஐ.பி. முகவரியை மட்டுமே அறியும். உள்ளக வலையமைப்போ வன்பொருள் முகவரியைக் கொண்டே செய்தியைச் சேர்ப்பிக்கும். முன்னையது பூச்சியமும் ஒன்றுமாகிய 32 குறிகளாலும் பின்னையது அத்தகைய 48 குறிகளாலும் ஆனவை. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டு அறிதல் இயலாது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியை 1982ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டேவிட் பிளம்மர் என்பார் வகுத்து வெளியிட்டார். ஏ.ஆர்.பி. என வழங்கும் அம்முறை மிக எளியது. அறியாததை எல்லாரிடமும் உரத்துக் கேட்பதே அது. “192.168.1.20 என்னும் எண்ணுக்கு உரியவர் யார்? 192.168.1.5 என்பாருக்குச் சொல்லுக” என்று கணினி வினவும். அவ்வினா எல்லாக் கருவிகளுக்கும் எட்டும். உரியதல்லாதவை வாளாவிருக்கும், உரியது மட்டும் தன் வன்பொருள் முகவரியை வினவியவருக்குத் தனியே தெரிவிக்கும். கணினி அவ்விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருந்து பின்னர் அழித்துவிடும். முகவரிகள் மாறக்கூடியவை அன்றோ?

கடிதம் வெளியூருக்கு உரியதாயின் வினா அத்துணைத் தூரம் செல்வதில்லை. வாயில் காப்போன் போல நிற்கும் ரவுட்டரின் முகவரியை அறிந்து, கணினி கடிதத்தை அதனிடம் ஒப்படைத்துவிடும்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. விடையளித்தவர் உண்மையில் உரியவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு இதில் இல்லை. தீயோன் ஒருவன் அதே வலையமைப்பிற் புகுந்து, “ரவுட்டர் நானே” என்று பொய்யுரைத்தால், ஏனைக் கருவிகள் அதனை நம்பிவிடக்கூடும். அதன்பின் அவை அனுப்புவன யாவும் அவன் கைவழியே செல்லும். அவன் அவற்றை உரிய இடத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தால், அனுப்பியவருக்கு ஐயமே தோன்றாது.

இதனைத் தடுக்கப் பொய்விடைகளைக் கண்டு விலக்கும் இணைப்புக் கருவிகள் இன்று உள. அவற்றினும் முக்கியமான காவல் மறைகுறியாக்கம். கடிதம் பூட்டிய பெட்டியுள் இருக்குமாயின், இடையிற் பறித்தவனும் அதனைப் படித்தல் அரிது. பெட்டியைப் பெறுவோர் உரியவர்தாமா என்பதைச் சான்றிதழ் கொண்டு உலாவி சோதிக்கின்றது. ஆகவே, பொது இடத்து வலையமைப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது, சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை தோன்றுமாயின், அதனைத் தள்ளிவிட்டு மேற்செல்லாமல் அவ்விடத்தே நிறுத்திக்கொள்வதே அறிவுடைமையாகும்.